சுவர் யாருடையதோ, மின்சாரமும் அவருடையதா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மின்சார வண்டிக்கு வீட்டில் மின்னேற்றம் செய்வது பற்றிப் பேச நம் சங்கத்துக்கு என்ன வந்தது என்று உள்ளே நுழையும்போதே சிலர் கேட்டார்கள். ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ், குடிசைக்குப் பதில் வீடு என்று தலைமேல் ஆயிரம் சுமை இருக்க, வண்டி வாங்கியவனின் கவலையையும் நாமே சுமப்பதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வண்டி இன்று யாருடைய கையில் இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நகரமெங்கும் கிளம்புகிறவர்கள் நம்மவர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சுமந்து மாடி மாடியாக ஏறி இறங்கும் இளைஞர்களிலே நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி உல்லாசப் பொருளல்ல. தச்சனுக்கு உளி எப்படியோ, அவர்களுக்கு வண்டி அப்படி.

அந்த உளியை மாற்று என்று மேலிடத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மகாராட்டிர அமைச்சரவை பைக் டாக்சிக்கு ஒப்புதல் தந்தபோது, மின்சார வண்டிகளுக்கு மட்டுமே அந்த அனுமதி என்று வரையறுத்தது. அதே ஆண்டு சனவரியில், மும்பையின் காற்று மாசு குறித்த வழக்கில் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்க முடியுமா என்று ஆராயும்படி உயர்நீதிமன்றம் கூற, மாநில அரசும் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. ஜொமாட்டோ நிறுவனமோ தன் விநியோகம் முழுவதையும் 2030-க்குள் மின்வண்டிக்கு மாற்றுவதாக 2021-இலேயே அறிவித்துவிட்டது. ஆக, ஆணை வருகிறது. வண்டியைத் தவணைக்குத் தரக் கடைக்காரர் காத்திருக்கிறார். பிளக் எங்கிருந்து வரும்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு மின்சார ஸ்கூட்டரின் பாட்டரி ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து மூன்றரை என்று கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு முழு ஏற்றத்துக்கு 28 ரூபாய். அதைக்கொண்டு எண்பது கிலோமீட்டர் போய்வரலாம். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். மும்பையில் 2025-இல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியே நின்றது. கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 150 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் ஓட்டுகிறவருக்கு 3,750 ரூபாய். ஒரு தொழிலாளியின் வீட்டில் அது என்ன பணம் என்பதை இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த மிச்சம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஓட்டுகிறவர் இரவில் படுத்துறங்கும்போது, அவருடைய வண்டி வீட்டு விலை மின்சாரத்தைக் குடிக்க வேண்டும். பகலில் பொது நிலையத்துக்குப் போனால் கணக்கு மாறிப்போகிறது. வீட்டு மின்சாரத்துக்கு மாநில மின்வரி உண்டே தவிர ஜி.எஸ்.டி. கிடையாது. நிலையத்தில் ஏற்றினாலோ அது 'சேவை' என்று பெயர் பெற்று 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஏறுகிறது. நிலையம் நடத்துகிறவரின் இடவாடகையும் இலாபமும் அதன்மேல். எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருக்கும் நேரம். பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் இரண்டு மணி நேரம் வண்டியருகே நின்றால் அந்த இரண்டு மணி நேரக் கூலி யார் தருவார்? காரில் வருகிறவர் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

பொறி பெரிய பொறியா என்றால் அதுவும் இல்லை. ஸ்கூட்டர் சார்ஜர் இழுப்பது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. நம் தெருவில் துணி தேய்க்கிறவரின் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவுதான். சிறிய கார் 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் இழுத்து, 30 யூனிட் பாட்டரியை ஒன்பது, பத்து மணி நேரத்தில் நிரப்பிக்கொள்கிறது. இரவு ஒன்று போதும். 3,500 ரூபாய்க்குள் அடங்கக்கூடிய மின்னேற்றுப் பெட்டிக்கு 2021-இல் இந்தியத் தரமே வகுத்துவிட்டார்கள். விலையும் மலையல்ல, வேலையும் மலையல்ல. அப்படியானால் தடை எங்கே? தடை சுவரில் இருக்கிறது. பிளக் மாட்டும் சுவர் யாருடையது, மீட்டர் யார் பெயரில், வண்டி நிற்கும் ஆறடி நிலம் யார் கையில் என்பதில் இருக்கிறது.

சொசைட்டிக் கட்டடத்தில் சொந்த ஃப்ளாட் வைத்திருப்பவர்களின் பாடு ஒரு மாதிரி. விண்ணப்பம் கொடுத்தால் 'அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம்' என்கிறது கமிட்டி. பொதுக்குழு கூடினால் 'ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்' என்கிறார்கள். எல்லோரும் கேட்பதில் என்ன கெடுதலோ! வண்டி வைத்திருப்பவர்கள் முப்பது பேர், மீட்டர் அறையில் தாங்குதிறன் ஐந்து பேருக்குத்தான் என்ற உண்மையான சிக்கலும் சில கட்டடங்களில் உண்டு. அதை மின்வாரியத்திடம் எழுதிக்கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவர்களுக்காகச் சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டிக்கு மின்னேற்றம் செய்து தருவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவாக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 14-இல் வந்த வழிகாட்டு நெறிகள் வீட்டிலும் அலுவலகத்திலும் மின்னேற்றத்தை அனுமதித்ததுடன், வீட்டு மின்னேற்றத்துக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்றும் சொல்லின. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னொரு படி மேலே போய், வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்டுப் பெறலாம் என்றன. பெருநகரங்களில் புதிய இணைப்புக்கு ஏழு நாள் என்றிருந்த கெடுவும் மூன்று நாளாகக் குறைந்தது. கமிட்டி தடுத்தால் இந்த விதிகளின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். படித்துப் பார்க்காத கமிட்டிகள்தான் அதிகம்.

இனி நம் பக்கம் வருவோம். சாலில் ஒரு ரூம். பத்துக்குப் பன்னிரண்டு. மீட்டர் கீழே, வீட்டுக்காரர் பெயரில். நமக்குச் சுவரில் ஒரு சப்-மீட்டர். அதற்கு அவர் வைத்ததே விலை. மின் நிறுவனம் அவரிடம் வாங்குவது ஒன்று, அவர் நம்மிடம் வாங்குவது இன்னொன்று. யூனிட்டுக்குப் பன்னிரண்டும் பதினைந்தும் கொடுப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். 'வண்டிக்குச் சார்ஜ் போட்டால் மாதம் ஆயிரம் தனி' என்று மீட்டரையே பார்க்காமல் கட்டணம் விதிக்கிறவர்களும் உண்டு. அப்போது நாம் முன்னே போட்ட 28 ரூபாய்க் கணக்கு என்னவாகும்?

சொந்த மீட்டர் உள்ளவருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. மகாராட்டிரத்தில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, 101 முதல் 300 வரை அதைவிடக் கூடுதல். விளக்கு, விசிறி, டி.வி., மிக்சி என்று 90 யூனிட்டில் அடங்கி வந்த குடும்பம், வண்டிக்கு மாதம் 87 யூனிட் சேர்ந்தவுடன் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. வண்டி குடித்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் உயர்ந்த விலையில் விழுகிறது. வண்டிக்குத் தனி இணைப்பு என்ற 2024-ஆம் ஆண்டு விதி இங்கேதான் ஏழைக்குப் பயன்பட வேண்டும். ஆனால் தனி இணைப்புக்கு மாதாந்திர நிலைக்கட்டணம் வேறு உண்டு, மீட்டர் மாட்ட இடமும் வேண்டும். ஒற்றை ஸ்கூட்டருக்காகத் தனி மீட்டர் வாங்கினால் மிச்சம் அதிலேயே கரைந்துபோகும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கினால் கட்டும். அதைப் பிறகு சொல்கிறோம்.

சரி, கட்டணத்தையாவது பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். வண்டி நிற்பது கீழே சந்தில். ரூம் இரண்டாவது மாடியில். என்ன செய்கிறார்கள்? சன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அந்த ஒயர் தகரக் கூரைமேல் உராய்ந்துகொண்டே கிடக்கிறது. கழற்றக்கூடிய பாட்டரி என்றால் பத்துக் கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி ஏறி, ஆறு பேர் படுத்திருக்கும் அறையிலே, தலைமாட்டிலே வைத்து ஏற்றுகிறார்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்துக்கு விட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தகப்பனும் மகளும் மாண்டார்கள். அடுத்த மாதம் விசயவாடாவில் படுக்கையறையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், நமக்கு அருகே இதே வசாயில், வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்த பாட்டரி வெடித்து, தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் தீக்காயத்தால் உயிரிழந்தான். இவற்றுக்குப் பிறகு மத்திய அரசு 2022 டிசம்பர் தொடங்கி இரண்டு கட்டமாகப் பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. நல்லது. வண்டிக்கு விதி வந்தது. அந்தப் பாட்டரியை மனிதர்கள் படுக்கும் அறைக்குள் கொண்டுவராமல் ஏற்ற ஓர் இடம் வேண்டுமே, அதற்கு விதி எங்கே? அந்தச் சிறுவன் படுத்திருந்த இடத்தில் பாட்டரியை ஏன் வைத்தார்கள் என்று கேட்பது எளிது. வேறு எங்கே வைப்பது என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆளில்லை.

'புதிய கட்டடங்களில் எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். மாதிரிக் கட்டட விதிகளை 2019-இல் திருத்தி, வண்டி நிறுத்தும் இடத்தில் 20 விழுக்காட்டை மின்வண்டிக்கு ஆயத்தமாக வைக்க வேண்டும் என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் குடிசை மாற்றுக் கட்டடத்தில் முந்நூறு சதுர அடி வீடு வாங்கிய நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு நிறுத்துமிடம் கிடைத்தது? இல்லாததில் 20 விழுக்காடு எவ்வளவு என்பதற்குப் பெரிய கணக்கு வாத்தியார் தேவையில்லை.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய். அதிலே பொது மின்னேற்று நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. நெடுஞ்சாலையில் நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பேருந்துக்கும் நீண்ட பயணத்துக்கும் அவை தேவை. 2025 ஆகஸ்டில் அடல் சேதுப் பாலத்தில் மின்சாரக் கார்களுக்குச் சுங்கம் இல்லை என்று அறிவித்தார்கள். ஒருவழிக்கு 250 ரூபாய். கார்க்காரர் ஒருமுறை பாலம் கடந்தால் மிச்சமாகும் அந்தப் பணம், நம் பிள்ளையின் ஸ்கூட்டருக்கு ஒன்பது நாள் மின்சாரம். சலுகை இருக்கிறது, அதன் முகவரிதான் நம் தெருவாக இல்லை.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மலிவான மின்சாரம், நிறைந்த மின்சாரம் இல்லாமல் இந்நாட்டு ஏழையின் நிலை மாறாது என்பது அவர் கொள்கை. அதைச் சொன்னவர் இதே நகரத்தில் பரேலில் ஒரு சால் வீட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர். சாலில் வாழ்கிறவனுக்கும் மின்சாரக் கொள்கைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அதை அறிந்துகொள்ளட்டும்.

நம் கையில் என்ன சட்டம் இருக்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின்சாரம் தர வேண்டியது மின்விநியோக உரிமம் பெற்றவரின் கடமை. குடியிருப்பவர் என்ற சொல் அங்கே இருக்கிறது. வீட்டுக்காரர் ஒப்புதல் கடிதம் தரவில்லை என்பதைக் காட்டி வாடகைக்காரருக்கு மின்சாரம் மறுக்கக்கூடாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று மட்டுமே பார்க்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமே 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே சப்-மீட்டர் ஆட்சியிலிருந்து வெளியேற வழி உண்டு. வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வரும், அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டார் என்ற அச்சம் நமக்கும் தெரியும். தனியொருவர் கேட்டால் அந்த அச்சம் மெய்யாகும். ஒரு சால் முழுவதும் சேர்ந்து கேட்டால் அவரால் எத்தனை பேரைக் காலிசெய்ய முடியும்?

ஆனால் இந்தச் சட்டமும் அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. அறைக்கு மீட்டர் கிடைக்கும், சந்தில் நிற்கும் வண்டிக்குக் கிடைக்காது. பிற இடங்களில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தோம். பிரான்சில் 'பிளக் உரிமை' என்றே ஒரு சட்டம் உண்டு. குடியிருப்பவர் தன் செலவில் பிளக் வைக்க விரும்பினால், தடுக்க நினைக்கும் கட்டட நிர்வாகம்தான் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் போய்க் காரணம் காட்ட வேண்டும். வாடகைக்காரருக்கும் அதே உரிமை. செருமனியிலும் 2020 டிசம்பர் முதல் வாடகைக்காரருக்கும் பிளக் கேட்கும் உரிமை உண்டு. நம் ஊரிலோ கேட்கிறவன் அலைகிறான், மறுக்கிறவன் வீட்டில் இருக்கிறான். இலண்டனில் வீட்டோடு நிறுத்துமிடம் இல்லாதவர்களுக்காகத் தெருவிளக்குக் கம்பங்களிலேயே பிளக் பொருத்தியிருக்கிறார்கள். பழைய விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதில் மிச்சமான மின்சாரம் அதே கம்பியில் இருக்கிறதே என்று எண்ணியிருக்கிறார்கள். நம் சந்துகளிலும் கம்பம் இருக்கிறது, எல்.இ.டி.யும் வந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், டில்லியைப் பாருங்கள். 2021 நவம்பரில் வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் கடைக்கும் மின்னேற்றுப் பெட்டி கேட்பவர்களுக்கு ஒற்றைச் சாளர முறை கொண்டுவந்தார்கள். மின் நிறுவனமே பெட்டியைத் தேர்ந்து, பொருத்தி, இணைப்பும் கொடுக்கும். முதல் 30,000 இடங்களுக்குப் பெட்டி ஒன்றுக்கு 6,000 ரூபாய் வரை மானியம். வண்டிக்கென்று யூனிட் நாலரை ரூபாய் என்ற தனிக் கட்டணமும் இருந்தது. அங்கும் மின் இணைப்பு எண் உள்ளவர்களிடமிருந்தே விண்ணப்பம் தொடங்கியது என்பது குறைதான். ஆனாலும் அலைச்சல் விண்ணப்பித்தவர் தலையிலிருந்து மின் நிறுவனத்தின் தலைக்கு மாறியது பெரிய காரியம்.

'பாட்டரியை மாற்றிக்கொள்ளும் கடைகள் வந்துவிட்டனவே' என்று இளைஞர்கள் சொல்வார்கள். வாடகை வண்டி எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தவணை கட்டிச் சொந்த வண்டி வாங்கியவரின் பாட்டரி எல்லாம் அந்தக் கடையில் மாறாது. மாறினாலும் மின்சாரத்தின் விலையைக் கடைக்காரரே வைப்பார். சப்-மீட்டர்க்காரரிடமிருந்து தப்பி இன்னொருவரிடம் போய் நிற்பதாக அது முடியக்கூடாது.

ஆகவே நாம் கேட்க நினைப்பது இதுதான். ஒவ்வொரு சாலின் முற்றத்திலும், ஒவ்வொரு சந்தின் முனையிலும், மழை படாத கூரையின்கீழ், வீடுகளிலிருந்து விலகிய ஓரிடத்தில், பத்துப் பன்னிரண்டு பிளக் கொண்ட ஒரு பொது மின்னேற்று மேடை. ஒரே மீட்டர், நிலைக்கட்டணத்தைப் பத்து வீடு பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி எண்ணி, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர், மணல் வாளி. மேடையை அமைப்பது மின் நிறுவனத்தின் பொறுப்பு. தீவு நகரில் பெஸ்ட், புறநகரில் அதானி, டாடா என்று யாராக இருந்தாலும் சரி. நிலம் மாநகராட்சியினுடையதாக இருந்தால் வாடகை கேட்கக்கூடாது. பொது நிலையங்களுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு இதற்கு வர வேண்டும். குடியிருப்பவர் தனக்கென்று கேட்டால், மறுக்கிறவர்தான் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். தாராவியைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், 350 சதுர அடி வீடு என்கிறார்கள். சுவர் எழும்பும் முன்பே குழாயும் கம்பியும் போட்டால் செலவு சொற்பம். கட்டிமுடித்த பிறகு உடைத்துப் போட்டால் அதை நம் தலையில்தான் கட்டுவார்கள். ஆகவே மற்றவற்றுக்குக் காத்திருந்தாலும் இதற்குக் காத்திருக்க முடியாது.

மனு தயாராகிவிட்டது. மராத்தியிலும் தமிழிலும் அச்சிட்டிருக்கிறோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்தோடு ஆதாரமும் வேண்டும். மின் இணைப்பு உள்ளவர்கள் கடைசி மூன்று மாத மின்கட்டண ரசீதின் நகல் கொண்டுவாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்த நகல், அது இல்லையென்றால் அந்த முகவரி உள்ள ஏதேனும் ஒரு அட்டை. சப்-மீட்டருக்குப் பணம் கொடுப்பவர்கள் சீட்டைக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் சீட்டே தருவதில்லை என்றால், எந்த மாதம் எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வண்டி இல்லாதவர்களும் வர வேண்டும்.